சிரிக்காத பெண்ணுக்கு எதற்கு டிப்ஸ்?

கல்லூரியில் மகளிர் தின விழா முடிந்த அன்று மாலை, ஆசிரியைகள் ஆறு பேர் சென்னையில் ஓர் உணவகத்துக்குச் சாப்பிடப் போனோம். வாசலில் இளஞ்சிவப்பு பலூன்கள் கட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். எங்கள் மேசைக்குப் பரிமாற வந்தவரும் ஒரு பெண்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். அவருக்கு யாரும் ரோஜா கொடுத்ததாகத் தெரியவில்லை.

சூப் ஆறிப்போய் வந்தது. காளான் வறுவல் கேட்டோம், காலிஃபிளவர் வந்தது. தண்ணீரை மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி உட்கார்ந்த பிறகும் பில் வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினார், போனார், வந்தார்.

பில் 4,260 ரூபாய். எல்லோரும் பங்கு போட்டோம். தோல் உறைக்குள் பணத்தை வைத்த தோழி, உறையை மூடிக்கொண்டே சொன்னார்: “டிப்ஸ் ஒரு பைசா வைக்கக் கூடாது. மூஞ்சியைப் பாத்தீங்களா? நாம என்னமோ அவ வீட்டுக்குக் கடன் கேட்டுப் போன மாதிரி.”

நான் 200 ரூபாய் எடுத்து வைத்தேன். அவ்வளவுதான். “உன்னை மாதிரி ஆளுங்கதான் இவங்களைக் கெடுக்கிறது” என்றார் ஒருவர். “செய்யாத வேலைக்குக் கூலியா?” என்றார் இன்னொருவர். ஆட்டோவில் தொடங்கிய சண்டை மூன்று நாள் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. அன்று காலை மேடையில் உழைக்கும் பெண்களைப் பற்றி உருக்கமாகப் பேசிய அதே ஆறு பேர்தான் நாங்கள். அந்தச் சண்டைக்கு என்னுடைய பதில் இது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிமாறியது மோசமாக இருந்தாலும் டிப்ஸ் வைக்க வேண்டும். வழக்கமாக எவ்வளவு வைப்போமோ அதை வைக்க வேண்டும். குறை இருந்தால் அதை வாய் திறந்து, சரிசெய்யக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். டிப்ஸைப் பிடித்துக்கொள்வது குறையைச் சொல்கிற வழி ஆகாது. குறிப்பாகப் பெண்களுக்கு அந்த வழி ஆகவே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

அன்று மேசையில் நாங்கள் போட்ட குற்றப்பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சூப் ஆறியது யாருடைய குற்றம்? சமையலறையில் ஊற்றி வைத்து, எடுத்து வர ஆளில்லாமல் அது அங்கேயே நின்றிருக்கிறது. பில் தாமதமானது கல்லாவில். தண்ணீர் வராததற்குக் காரணத்தை நான் கண்ணாலேயே பார்த்தேன். எங்களைச் சுற்றி 11 மேசைகள், பரிமாற இரண்டு பேர். மகளிர் தினத்தன்று கூட்டம் வரும் என்று முதலாளிக்குத் தெரியும். தெரிந்துதான் பலூன் வாங்கினார், ரோஜா வாங்கினார். ஆளை மட்டும் கூட்டவில்லை. இரண்டு பேர் சம்பளத்தை மிச்சம்பிடித்தவர் அவர். அதற்கு அபராதம் கட்டச் சொல்லி நாம் தீர்ப்பெழுதியது அந்தப் பெண்ணுக்கு. முதலாளிக்கு 4,260 ரூபாய் ஒரு பைசா குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஆறிய சூப்புக்கும் சேர்த்துத்தான்.

காளானுக்குப் பதில் காலிஃபிளவர் வந்தது அந்தப் பெண்ணின் தவறாகவே இருக்கலாம். 11 மேசைக்கு ஓடுகிறவர் ஒன்றை மாற்றி எழுதியிருக்கலாம். நாங்கள் ஆறு பேரும் விடைத்தாள் திருத்துகிறவர்கள். கூட்டலில் தப்புவிட்டு மறுகூட்டலில் மாணவிக்கு மதிப்பெண் ஏறிய கதை எங்கள் எல்லோரிடமும் உண்டு. அதற்காக அந்த மாதச் சம்பளத்தில் யாரும் கைவைத்ததில்லை.

கடைசியில் மிஞ்சுவது அந்த முகம். சிரிக்காத முகம். உண்மையில் தோழிகளைக் கோபப்படுத்தியதும் அதுதான். சூப்பையும் காளானையும் மன்னித்திருப்பார்கள், அந்தப் பெண் “சாரி மேடம்” என்று சிரித்துக் குழைந்திருந்தால்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு, விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். தட்டு தூக்குவதும் நடப்பதும் மட்டும் அவர்கள் வேலை இல்லை. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே இன்முகம் காட்டுவதும் வேலையின் பகுதியாக வாங்கப்படுகிறது என்றார். அதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டார். நாங்கள் இதை வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறோம். பிறகு ஓட்டலுக்குப் போய், ஒரு பெண் அந்த உழைப்பைத் தரவில்லை என்றதும் 200 ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

அதே உணவகத்தில் ஒரு நடுவயது ஆண் பரிமாறி, அவரும் சிரிக்காமல் இருந்திருந்தால்? “பாவம், வேலை ஜாஸ்தி போல” என்றிருப்போம். ஆணின் இறுக்கம் களைப்பு. பெண்ணின் இறுக்கம் திமிர். இந்த அகராதியை நமக்கு யார் கொடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மதிப்பெண் போடுவது பற்றி இன்னும் கொஞ்சம். நம் வாழ்க்கை முழுக்க நம்மைத் தட்டு ஏந்தவைத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பஜ்ஜியும் சொஜ்ஜியும் ஏந்தி நின்றோம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மதிப்பெண் குறைந்தது, குனிந்தே இருந்தால் இன்னொன்று. கல்யாணமான பிறகு குழம்பில் உப்புக்கு மதிப்பெண். காபியின் சூட்டுக்கு மதிப்பெண். என் தாத்தா ஒரு நாளும் பாட்டியைத் திட்டியதில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். திட்டியதில்லைதான். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவார். என்ன குறை என்று பாட்டி கண்டுபிடிக்க வேண்டும். ரசத்தில் புளியா, சோறு குழைந்ததா, காலையில் ஏதாவது சொன்னோமா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பார்.

டிப்ஸ் வைக்காமல் எழுந்து போவது அந்தத் தட்டைத் தள்ளிவிடுவதுதான். பேசாமல் தண்டிப்பது. தண்டனை பெறுகிறவருக்குக் குற்றம் என்னவென்று சொல்ல வேண்டிய கடமை நமக்கில்லை என்று நினைத்துக்கொள்வது. தாத்தாவின் இருக்கை காலியானதும் அதில் போய் உட்கார்ந்துகொள்வதா விடுதலை?

“டிப்ஸ் என்பதே நல்ல சேவைக்கான பரிசுதானே, சேவை இல்லையென்றால் பரிசு எதற்கு?” என்று வணிகவியல் தோழி கேட்டார். நேர்மையான கேள்வி. பரிசாக மட்டும் இருந்திருந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் டிப்ஸ் எங்கேயும் வெறும் பரிசாக இருந்ததில்லை. இந்தப் பழக்கம் முற்றினால் எப்படியிருக்கும் என்று பார்க்க அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மற்றவர்களுக்கான 7.25 டாலரை எட்ட, மீதி டிப்ஸிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த இரட்டைக் கூலியை ஒழித்துவிட்டன. பல மாநிலங்களில் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அப்படி வேலை செய்கிறவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். வாடிக்கையாளர் கையைப் பிடித்தாலும், அசிங்கமாகப் பேசினாலும், அன்றைய வாடகைப் பணம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் கூலியை அந்நியர் ஒருவரின் மனநிலைக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதன் வேர் இன்னும் கசப்பானது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலையான கறுப்பின மக்களை உணவகங்களும் ரயில் பெட்டி நிறுவனங்களும் வேலைக்கு எடுத்தன. கூலி அற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்றன. புல்மன் தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களை வெள்ளைப் பயணிகள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. நிறுவன முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால், எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள், அடிமையை ஆண்டையின் பெயரால் அழைப்பதுபோல. 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் அந்தத் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். சில்லறைக்குப் பல்லைக் காட்டி நிற்க வேண்டாத கூலி வேண்டும் என்று கேட்டார்கள். 1937இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். சுயமரியாதை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, டிப்ஸ் குறைந்தால் சேவை நன்றாகும் என்பதாவது உண்மையா? கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் வைக்கும் டிப்ஸுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிது என்பதுதான் அவர் கண்டது. மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் வழக்கப்படி வைக்கிறார்கள், பில் தொகையைப் பார்த்து வைக்கிறார்கள். தரத்தை எடைபோட்டு வைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கச் சட்டம் சொல்லவில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி உண்டு. ஆனால் ஓட்டலில் வேலைக்குச் சேரும்போது சொல்லப்படும் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “சம்பளம் இவ்வளவு, டிப்ஸ் தனியா வரும்.” அந்த ஒரு வாக்கியத்தில் முதலாளி தன் சுமையில் ஒரு பகுதியை நம் தலையில் ஏற்றிவிடுகிறார். பில்லில் இருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகிறது, பரிமாறுகிறவருக்கு அல்ல. சேவைக் கட்டணம் என்று சில உணவகங்கள் சேர்க்கும் தொகையைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நுகர்வோருக்கு அது நல்ல தீர்ப்பு. அப்படியானால் மேசையில் நாம் வைக்கும் காசுதான் பரிமாறுகிறவர் கைக்கு நேராகப் போகக்கூடியது. அதையும் பிடித்துக்கொண்டால் அந்த “தனியா வரும்” என்ற வாக்குறுதியை யார் காப்பாற்றுவது?

இந்த முறையே தவறு என்கிறேன். டிப்ஸ் இல்லாமல் வாழப் போதுமான சம்பளம்தான் சரி. அது வரும்வரை, தவறான முறையின் கணக்கை அதில் ஆகக் கீழே நிற்கிறவரிடம் தீர்க்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் திருச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் அம்மா இலை எடுக்கும் வேலை பார்த்தார். அங்கே பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இலை எடுப்பது, மேசை துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது பெண்கள். இன்றும் நம் பெரும்பாலான ஓட்டல்களில் இதுதான் ஏற்பாடு. சோறு போடும் கை ஆணுடையது, எச்சில் எடுக்கும் கை பெண்ணுடையது. வீட்டில் இரண்டும் பெண்ணுடைய கைதான். காசு கிடைக்கும் இடத்தில் மட்டும் போடும் கை மாறிவிட்டது.

சாப்பிட்டவர்கள் டம்ளருக்கு அடியில் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள். இலையை எடுக்கும்போது முதலில் அந்தக் காசைப் பார்ப்பவர் அம்மா. ஆனால் அது சர்வருடைய காசு. தொடக் கூடாது. டம்ளரைத் தூக்கி, அடியில் துடைத்து, காசை அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள் ஒரு மேசையில் காசு இல்லை. அங்கே சாப்பிட்டவர் வைத்திருக்கலாம், வைக்காமல் போயிருக்கலாம். வாடிக்கையாக ஐந்து ரூபாய் வைக்கிறவர் என்று சர்வர் சொன்னார். கல்லாவில் இருந்தவர் அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் முந்தானையை உதறச் சொன்னார். அம்மா உதறினார். ஒன்றும் விழவில்லை. “சரி, போய் வேலையைப் பாரு” என்றார்கள்.

இதை அம்மா என்னிடம் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். முதல் சம்பளத்தில் ஒரு நல்ல உணவகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். நான் தோல் உறைக்குள் டிப்ஸ் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சாதாரணமாக, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். ஒருவேளை அன்று அந்த வாடிக்கையாளருக்குச் சாம்பார் பிடிக்காமல் இருந்திருக்கலாம். சர்வருக்குப் பாடம் கற்பிக்க ஐந்து ரூபாயைப் பிடித்திருக்கலாம். அவருடைய பாடம் யாருடைய முந்தானையில் போய் முடிந்தது என்று அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஆகவே டிப்ஸ் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருக்க முடியவில்லை. வைத்த டிப்ஸ் யாருக்குப் போகிறது? சில இடங்களில் பொதுப்பெட்டி இருக்கிறது, மாலையில் பிரிக்கிறார்கள். அந்தப் பங்கில் மேசை துடைக்கிறவருக்கு, பாத்திரம் தேய்க்கிறவருக்கு இடமிருக்கிறதா? கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்கள் கேரளத்தில் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நான் அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த இருக்கையைத் தேடுகிறேன். அன்று மாலை அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. எட்டு மணி நேரம் நின்றவர் சிரிக்கவில்லை என்பது எங்கள் புகார்.

இனி கடினமான கேள்வி. மோசமான சேவை சில சமயம் களைப்பு இல்லை, அவமதிப்பு. தனியாகச் சாப்பிடப் போகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். நெடுஞ்சாலை ஓர உணவகம் ஒன்றில், நான் ஒருத்தியாகப் போய் நின்றபோது, சர்வர் எனக்குப் பின்னால் பார்த்தார். “சார் வர்றாங்களா மேடம்?” வரவில்லை என்றதும் கைகழுவும் இடத்தை ஒட்டிய மேசையைக் காட்டினார். காலியாக நல்ல மேசைகள் இருந்தன. அதற்குப் பிறகு வந்த ஆண்களுக்கெல்லாம் முதலில் சாப்பாடு போனது. எனக்குக் கேட்டுக் கேட்டு வந்தது.

அன்று நான் டிப்ஸ் வைக்கவில்லை. வைக்காமல் எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அவர் என்ன புரிந்துகொண்டிருப்பார்? ‘ஒரு பெண்ணை அவமதித்தோம், அதற்குத் தண்டனை’ என்றா? இல்லை. ‘பொம்பளைங்க டிப்ஸ் வைக்க மாட்டாங்க’ என்று அவர் முன்பே நினைத்திருந்தால், அதற்கு நானே ஒரு சாட்சி ஆகிவிட்டேன். அடுத்துத் தனியாக வரும் பெண்ணுக்கும் கைகழுவும் இடத்து மேசைதான். என் மௌனம் அவளுக்குச் செய்த உபகாரம் அது.

அடுத்த முறை அதே சாலையில் வேறோர் இடத்தில் அதே கதை நடந்தபோது, எழுந்து நின்று சொன்னேன். “அந்த ஜன்னல் மேசை காலியாத்தானே இருக்கு? நான் அங்க உட்கார்றேன்.” சர்வர் தயங்கினார். மேலாளரைக் கூப்பிட்டு, தனியாக வரும் பெண்களை இங்கே எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்டேன். எனக்குக் குரல் நடுங்கியது. நாலு மேசை திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். போகும்போது டிப்ஸும் வைத்தேன். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் சொன்னதை அவர் காது கேட்டது, அது போதும்.

பெண்களாகிய நமக்கு இதுதான் கஷ்டம். நூறு ரூபாயைப் பிடித்துக்கொள்வது எளிது, நாலு பேர் முன்னால் பேசுவது கடினம். சத்தம் போடாதே, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றே வளர்த்திருக்கிறார்கள். அதனால் கோபத்தைப் பணத்தில் ஒளித்து வைக்கிறோம். அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேருவதில்லை. மேலாளருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. கீழே இருக்கிறவரின் அன்றைய வரவு மட்டும் குறைகிறது.

ஒரு விலக்கு உண்டு, சந்தேகமே வேண்டாம். உடம்பைத் தொடுவது, அசிங்கமாகப் பேசுவது, பின்தொடர்வது எல்லாம் மோசமான சேவை என்ற கணக்கிலேயே வராது. குற்றம். அங்கே டிப்ஸ் பற்றிய பேச்சே இல்லை, புகார்தான். அதே அளவுகோல் நம் பக்கத்து மேசைக்கும் பொருந்தும். பரிமாறும் பெண்ணிடம் 500 ரூபாயை நீட்டிக்கொண்டே போன் நம்பர் கேட்கிறவர் அங்கே இருந்தால், நாம் தலையைத் திருப்பிக்கொண்டு சாப்பிடக் கூடாது.

இதையெல்லாம் எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை.

“வேலைன்னு வந்துட்டா ஒழுங்கா செய்யணும். நான் ஒரு மேசையும் பிசுபிசுன்னு விட்டதில்ல. செய்யாதவளுக்கு எதுக்குக் காசு?”

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெருமை பொய்யில்லை. வேறு எதுவும் கொடுக்காத வேலையில் அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது அது. அதை நான் எப்படி மறுக்க முடியும்? பிறகு கேட்டேன்: “நீ அவ்வளவு சுத்தமா துடைச்சதுக்கு யாராவது ஒரு நாள் உன் கையில காசு வச்சிருக்காங்களாம்மா?”

யோசித்துவிட்டு, “இல்ல” என்றார்.

“நல்லா செஞ்சதுக்கும் கிடைக்கல. அப்புறம் நல்லா செஞ்சாத்தான் கிடைக்கும்னு ஏன் சொல்ற?”

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் வெளியே சாப்பிட்டபோது, வழக்கம்போலத் தட்டுகளை அடுக்கி, கொட்டிய பருக்கைகளைக் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் கையைத் தட்டினார். மேசை துடைக்க வந்த பெண்ணைக் கண்ணால் காட்டி, “உறையில வைக்காத. அந்தப் பொண்ணு கையில குடு” என்றார்.

கொடுத்தேன். அந்தப் பெண் முதலில் வாங்கத் தயங்கினார். சர்வர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “உனக்குத்தாம்மா, அவருக்குத் தனியா வச்சிருக்கு” என்றார் அம்மா, சர்வருக்கும் கல்லாவுக்கும் கேட்கும்படி.